மருத்துவ மாலுமிகளின் அம்மாக்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும்

கடற்படையில் மாலுமிகளின் ஆள்சேர்ப்பு, பயிற்சி, ஆவணம், குடும்பநலன் ஆகியவற்றைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும்

கடற்படை மருத்துவப் பிரிவில் சேரும் பிள்ளையின் ஆவணங்களில் அம்மாவின் பெயர் பல இடங்களில் ஏறுகிறது. நெருங்கிய உறவினர், வாரிசு, சார்ந்திருப்பவர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் இருக்கிறார். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு என்ன பொருள், அவற்றில் ஒரு எழுத்து பிசகினால் என்ன ஆகும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவரிடம் சொல்ல யாருமில்லை. வருகிற தாளெல்லாம் ஆங்கிலம், இல்லையென்றால் இந்தி. தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள கடற்கரை ஊர்களில் அந்தத் தாளைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்காரர்தான். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்தை வைத்திருக்கும் மாவட்டத்துக்கு இது போதாது.

குழப்பம் வேலையிலிருந்தே தொடங்குகிறது. 2022 ஜூன் 14-ல், நாலு வருஷப் பணிக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, 'நேவின்னா நாலு வருஷம்' என்று ஊரெல்லாம் பதிந்துவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களை எடுக்கும் எஸ்.எஸ்.ஆர். மருத்துவ உதவியாளர் நுழைவு அப்படியல்ல. 2024-ல் வந்த அறிவிப்பில் அதற்குத் தொடக்கப் பணிக்காலமே 20 ஆண்டு. பயிற்சியின்போது மாதம் 14,600 ரூபாய். முடித்ததும் மூன்றாம் நிலை அடிப்படைச் சம்பளம் 21,700, அதோடு ராணுவப் பணி ஊதியம் 5,200, மற்ற படிகள். அதே தெருவில் அக்னிபத்தில் அக்னிவீராகப் போன பையனுக்கு முதல் வருஷம் 30,000 என்று சொன்னாலும், பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்கு 30 சதவீதம் பிடித்துக் கைக்கு வருவது 21,000. நாலு வருஷம் முடிந்தால் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது, 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும். வீட்டுக் கடனை எத்தனை வருஷத்தில் அடைக்கலாம், தங்கச்சி கல்யாணத்தை எப்போது வைக்கலாம் என்று இரண்டு அம்மாக்களும் கணக்குப் போடுவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அதைத் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுக்க முடியாதா?

மருத்துவப் பரிசோதனைக்கும் இதே கதிதான். காதில் அழுக்கில்லாமல், பல்லில் காரை இல்லாமல் வரவேண்டும் என்று ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கடலில் முங்கிக் குளித்து வளர்ந்த பையனுக்குக் காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது அவசியம். ஹேர்பின்னால் குடைந்து சவ்வைக் கிழித்துக்கொண்டு போனால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆள்சேர்ப்புப் பரிசோதனையில் தகுதியில்லை என்றால், குறிப்பிட்ட ராணுவ மருத்துவமனையில் மேல்முறையீடு செய்ய 21 நாளும் 40 ரூபாய்க் கட்டணமும்தான் வேண்டும். இது தெரியாத வீட்டுக்குள் புரோக்கர் நுழைகிறான். 'மேல ஆள் இருக்கு, முடிச்சுத் தரேன்' என்று அவன் கேட்பது லட்சத்தில்.

பையன் என்ன வேலை பார்க்கப் போகிறான் என்பதாவது தெரிகிறதா? ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மும்பை கொலாபாவில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையை ஒட்டிய தொழிற்பயிற்சி. அதன்பின் விசாகப்பட்டினம் கல்யாணி, கொச்சி சஞ்சீவனி, கார்வார் பதஞ்சலி, அந்தமான் தன்வந்திரி என்று ஏதாவது ஒரு மருத்துவமனை, அல்லது கப்பல். பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'ஆஸ்பத்திரி வேலை, தரையிலதான்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு, பின்னால் சண்டையில் முடியும். சிறிய கப்பல்களில் டாக்டரே இல்லாமல், சிக் பே எனப்படும் சின்ன அறையில் மருத்துவ உதவியாளர் தனியாகச் சமாளிப்பதும் உண்டு. 2020 ஜூனில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் தூத்துக்குடிக்கு ஆட்களை ஏற்றி வந்ததே, அதுபோன்ற கொரோனாப் பயணங்களில் வெப்பமானியும் கையுறையுமாக முன்னால் நின்றது மருத்துவப் பிரிவுதான். இன்னொன்று: மருத்துவ உதவியாளர் டாக்டரும் அல்ல, பதிவு பெற்ற நர்ஸும் அல்ல. லீவில் வந்த பையனிடம் தெருவே பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டுகிறது, 'ஒரு ஊசி போட்டுவிடு தம்பி' என்கிறது. வெளியில் வைத்தியம் பார்க்க அவனுக்கு உரிமை இல்லை என்று வாசலில் நின்று சொல்ல வேண்டியவர் அம்மா. அவருக்கே யாரும் சொல்லவில்லையே.

இனி ஆவணம். அதிகமாக அடிபடுவது இதில்தான், இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

அம்மாவின் பெயர் ரேஷன் அட்டையில் தமிழில் இருக்கிறது. ஆதாரில் ஆங்கிலமும் சேர்ந்து வருகிறது. அந்தோணியம்மாள், பாக்கியம், சித்தி பாத்திமா ஆகிய மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாங்கு பாஸ்புக்கில் இன்னொன்று. போதாததற்கு இனிஷியல்: நம்மூரில் ஓர் எழுத்தாக முன்னால் நிற்பது அங்கே விரிந்து, அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராகி விடுகிறது. பிறந்த தேதி இன்னும் மோசம். கடற்கரை ஊர்ப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஆதாரில் வெறும் வருஷம் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். படிவம் முழுத் தேதியைக் கேட்கிறது. பதினெட்டு வயதுப் பையன் சில்காவில் உட்கார்ந்து, ஞாபகத்தில் வந்த ஏதோ ஒரு தேதியை எழுதிவிடுகிறான். அது மும்பை மான்கூர்டில் மாலுமிகளின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம் வரை போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்து வருஷம் கழித்து அம்மாவுக்கு மருத்துவ அட்டை எடுக்கப் போகும்போது ஆதாரும் பதிவேடும் முட்டிக்கொள்ளும். அப்புறம் நோட்டரி அபிடவிட், பத்திரிகை விளம்பரம். இன்ன எண் கொண்ட மாலுமியின் தாயாகிய நான் என் பெயரை இப்படி மாற்றிக்கொண்டேன் என்று ஆங்கில நாளிதழ்களின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருமே, அதுதான். இவ்வளவும் தேவையே இல்லை. பையன் ரயில் ஏறும் முன் அம்மாவின் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், பையனின் மார்க் ஷீட் நான்கையும் தரையில் விரித்து, பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஆதார் மையத்தில் திருத்தி, அந்த எழுத்தையே ஒரு தாளில் எழுதிப் பையனின் பையில் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஒரு மாதம் முன்னால் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

அடுத்து டிபென்டென்ட் கார்டு. பெற்றோர் தன்னைச் சார்ந்திருப்பவர்கள் என்று மாலுமி தன் யூனிட்டில் விண்ணப்பித்து ஏற்கப்பட்டால், ராணுவ மருத்துவமனைகளில் அவர்களுக்குச் சிகிச்சை உண்டு. விண்ணப்பிக்க வேண்டியது மகன். அம்மா எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் வருமானச் சான்று இங்கிருந்துதான் போக வேண்டும், சிக்கலும் இங்கேதான். சார்ந்திருப்பதற்கான வரம்பு மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும். பார்க்கப்படுவது பெற்றோரின் சொந்த வருமானம், அதாவது நிலம், வாடகை, பென்ஷன், தொழில். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிக் கேட்டால் கிடைக்கும் சான்றோ குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைச் சொல்வது. கம்ப்யூட்டரில் இருக்கும் தம்பி 'பையன் என்ன பண்றான்?' என்று கேட்கிறார். 'நேவில' என்று அம்மா பெருமையாகச் சொல்கிறார். 21,700-ஐப் பன்னிரண்டால் பெருக்கி 2,60,400 என்று ஏற்றிவிடுகிறார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி அது கையெழுத்தாகியும் வந்துவிடுகிறது. கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் பாசி எடுத்துப் பிழைக்கும் அம்மா, காகிதத்தில் யாரையும் சாராதவர் ஆகிவிடுகிறார்.

அதே சான்று முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டையும் இடிக்கிறது. அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் சம்பளம் சேர்ந்தால் அங்கே வாசல் சாத்தப்படும். சேர்க்கக் கூடாத இடத்தில் அதையே சேர்த்தால் கடற்படை வாசலும் சாத்தப்படும். இரண்டுக்கும் நடுவே ஐந்து லட்சம் வரை கிடைத்திருக்கக்கூடிய காப்பீடும் இல்லை, ராணுவ ஆஸ்பத்திரியும் இல்லை. கார்டு கிடைத்துவிட்டாலும் பெரிய ராணுவ மருத்துவமனைகள் சென்னை, திருவனந்தபுரம், கொச்சி என்று தொலைவில்தான். மாரடைப்பு வந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அப்படி அவசரத்தில் வெளியில் பார்த்த செலவுக்கு எந்தக் காகிதத்தை எத்தனை நாளுக்குள் எங்கே அனுப்புவது என்பதும் கையேட்டில் வர வேண்டிய விஷயம்.

போன் எடுக்காத நாட்களைப் பற்றி. 2019 டிசம்பரில் கடற்படையினர் சிலர் உளவு வழக்கில் கைதானதைத் தொடர்ந்து, கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனுக்கும் சமூக ஊடகத்துக்கும் தடை வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு டிக்கோடு நின்றால் பையன் கடலிலோ டூட்டியிலோ இருக்கிறான் என்றுதான் பெரும்பாலும் பொருள். கப்பல் பெயரையும் புறப்படும் தேதியையும் ஸ்டேட்டஸில் போடக்கூடாது, கோயில் திருவிழா பேனரில் அச்சடிக்கவும் கூடாது. 'உங்க மகனுக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்புங்க' என்று வரும் அழைப்பு மோசடி. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே சொல்ல வேண்டும். கடிதம் போடுவதென்றால் பெயர், பதவி, பணி எண், கப்பல் பெயர், கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், அதன்பின் விசாகப்பட்டினம், மும்பை, கொச்சி மூன்றில் எதுவோ அது. பணி எண் இல்லாமல் 'நேவி ஆஸ்பத்திரி, மும்பை' என்று மட்டும் எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். கருவாட்டுப் பார்சல் மட்டும் வேண்டாம். கப்பல் எப்போது கரை சேரும் என்று தபால்காரருக்குத் தெரியாது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் சாவோ உயிருக்கு ஆபத்தோ வரும்போது நடப்பதைப் பொறுக்க முடியாது. முன்பு தந்தி இருந்தது. அதை நீட்டினால் லீவு கிடைக்கும் என்பது படையில் எல்லோருக்கும் தெரியும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அந்த இடத்தில் என்ன வந்தது என்று எந்த அம்மாவுக்கும் சொல்லப்படவில்லை. மகனின் செல் அணைந்து கிடக்கும். அவனுக்கு மேல் டிவிஷனல் ஆபீசர் என்று ஒருவர் இருக்கிறார், லீவு முதல் மனக்கஷ்டம் வரை அவர்தான் பார்க்கிறார் என்பது தெரியாது. அவர் அலுவலக எண் வீட்டில் இருக்காது. கப்பல் நடுக்கடலில் இருந்தால் கரையிலுள்ள அலுவலகம்தான் தகவல் அனுப்ப வேண்டும், ஆளை இறக்க வழியில்லாமலும் போகலாம். அந்தமானில் இருப்பவன் விமானத்தில் சென்னைக்கு வந்து அங்கிருந்து ஊர் சேர வேண்டும். கப்பல் என்றால் சுமார் மூன்று நாள். இங்கே ஐஸ் பெட்டியை எத்தனை மணி நேரம் வைப்பது, எப்போது எடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வருகிறான், வரவில்லை என்ற ஒரு சொல் தெரிந்தால் போதும்.

ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நோயாளியின் பெயர் மகனின் பதிவேட்டில் உள்ள எழுத்திலேயே இருக்க வேண்டும். உறவு, மகனின் பணி எண், சேர்த்த தேதி, வார்டு, நோய், நிலைமை கவலைக்கிடம் என்றால் அந்தச் சொல், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை, திரும்பக் கூப்பிட ஒரு நம்பர். 'அட்மிட் ஆகியுள்ளார்' என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால், அங்கே அதைப் படிப்பவர் இது காய்ச்சலா கடைசி நேரமா என்று எப்படி முடிவு செய்வார்? மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் உரியது. ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் வாசலை மிதிப்பதே இல்லை.

மருத்துவப் பிரிவுக்கே உரிய ஒரு கவலையும் இருக்கிறது. வேலையில் ஊசி கையில் குத்திவிடுவது நடக்கக்கூடியது. அப்போது 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வைப்பார்கள். அது எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் முன்னெச்சரிக்கை. நோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. லீவில் வந்தவன் பையில் அந்த டப்பாவைப் பார்த்து, கூகுளில் பெயரைத் தேடிப் பார்த்து, அம்மாவுக்குத் தெரியாமல் கல்யாணப் பேச்சை நிறுத்தும் சொந்தக்காரர்கள் உண்டு. இரவு டூட்டி, வார்டில் முதல் சாவு, தன் வயதுப் பையனே கையில் போவது, இவற்றுக்குப் பின் பிள்ளை போனில் பேச்சைக் குறைப்பான். 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டால் 'ம்' என்பதோடு முடியும். தூக்கம் வருகிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பல நாள் தூங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். படையினருக்கென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 முதல் தனிப் பிரிவும் இருக்கிறது. உதவி கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் முதலில் வீட்டில்தான் உடைய வேண்டும்.

குடும்பநல அமைப்புகள் இல்லாமல் இல்லை. அவை தளம் இருக்கும் ஊர்களில், அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் மனைவி, பிள்ளைகளைச் சுற்றி இயங்குகின்றன. கல்யாணமாகாத இருபது வயது மாலுமிக்குக் குடும்பம் என்பது அம்மாதான், அவர் பாம்பனில் இருக்கிறார்.

எனவே கேட்கிறோம்.

கடற்படை அதிகாரிகள், மருத்துவப் பிரிவுக்கென்று பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் நடையில், பெரிய எழுத்தில், பதினாறு பக்கத்துக்கு மிகாத கையேடு ஒன்றை அச்சிட்டுச் சேர்க்கைக் கடிதத்தோடு அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். மேலே சொன்ன பெயர் சரிபார்ப்பு, கார்டு, அவசரக் கடிதம், தபால் முகவரி, ஊசி குத்தினால் என்ன என்பவை அதில் கட்டாயம் வேண்டும். கல்யாணத்துக்குப் பின் வாரிசு நியமனத்தைப் புதுப்பிப்பதையும் சேருங்கள். பிள்ளை ஒவ்வொரு இடத்துக்கு மாறும்போதும் அவனது பணி எண், டிவிஷனல் ஆபீசரின் அலுவலக எண், இரவிலும் எடுக்கும் டூட்டி ஆபீஸ் எண் மூன்றையும் ஓர் அட்டையில் அடித்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்புங்கள். சில்காவில் பயிற்சி முடியும்போது நடக்கும் அணிவகுப்பின் தேதியை 60 நாளுக்கு முன்பே சொல்லுங்கள். ரயில் முன்பதிவு அன்றுதான் திறக்கிறது. ராமேஸ்வரம்–புவனேஸ்வர் ரயில் வாரம் ஒரு நாள்தான்.

மாவட்ட நிர்வாகம், பெற்றோரின் சொந்த வருமானத்தை மகன் சம்பளத்திலிருந்து பிரித்துக் காட்டும் சான்றை வழங்கத் தாலுகா அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றைக் கடற்கரை ஊர்களின் இ-சேவை மையங்களில் ஒட்டுங்கள். அவசரக் கடிதத்துக்கு ஒரே மாதிரியை வகுத்து அரசு மருத்துவமனைகளில் வையுங்கள். விடுமுறை நாளிலும் அதை உறுதிசெய்து அன்றே மின்னஞ்சலில் யூனிட்டுக்கு அனுப்ப ஓர் அலுவலரை நியமியுங்கள்.

இரு தரப்பும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு முறை, தொண்டியிலும் மண்டபத்திலும் அரை நாள் கூட்டம் நடத்துங்கள். ஒன்று மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14-க்குள் இருக்கட்டும், அப்போதுதான் வீட்டில் ஆள் இருக்கும். ஆவணங்களைப் பார்த்துத் திருத்தம் எழுதித் தரத் தமிழ் தெரிந்த ஒரு மூத்த மருத்துவ மாலுமியையும் ஒரு வருவாய்த்துறை ஊழியரையும் அனுப்புங்கள். இந்த மடலுக்குத் தமிழில், எழுத்தில், எந்த வேலைக்கு எந்த அலுவலர் பொறுப்பு என்ற விவரத்தோடு பதில் தாருங்கள். முதல் கூட்டத்தின் தேதியை வரும் தடைக்காலம் தொடங்கும் முன் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் மருத்துவ மாலுமிகளுடைய குடும்பத்தார் சார்பில்,
ஓய்வுபெற்ற மருத்துவப் பிரிவு மாலுமிகள் சிலர்